லாவா, உடையும் தரை, விஷவாயு: டேபிள்டாப் ஆர்பிஜியில் ஆபத்தான நிலத்தை நடத்த முழுமையான வழிகாட்டி

டேபிள்டாப் ஆர்பிஜியில், அதாவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கேரக்டர்களை நடத்தும் கதை விளையாட்டில், எரிமலைக் குகையில் நடக்கும் சண்டைகள் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெட்டுப்போகின்றன. ஒன்று, மேப்பில் லாவா ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருக்கும், ஆனால் யாரும் அதன் பக்கமே போக மாட்டார்கள். எல்லோரும் நட்டநடுவில் நின்று வாள் வீசுவார்கள், சாதாரண அறையில் நடந்த சண்டைக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. இன்னொன்று, எதிரி ஒரு கேரக்டரைத் தள்ளிவிடுவான், டிஎம் (விளையாட்டை நடத்துபவர்) கை நிறையப் பகடையை அள்ளி உருட்டுவார், பல மாதம் வளர்த்த கேரக்டர் ஒரே உருட்டலில் சாம்பலாகிவிடும், மேஜையில் யாருக்கும் பேச்சு வராது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். லாவாவின் விலை என்னவென்று பிளேயர்களுக்கு முன்கூட்டியே தெரியவில்லை. விலை தெரியாத இடத்தில் புத்திசாலி ஒதுங்குவான், அப்பாவி மாட்டிக்கொள்வான். விலை தெரிந்துவிட்டால், அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று எல்லோரும் யோசிக்க ஆரம்பிப்பார்கள். அந்த யோசனைதான் நமக்கு வேண்டும். கீழே வரும் எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை ஒட்டியவை. வேறு விளையாட்டு ஆடுபவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டால் போதும், முறை அதேதான்.

படி 1: இந்த லாவா எதற்காக இருக்கிறது?

மேப் வரைவதற்கு முன்னால் இதை முடிவு செய்துவிடுங்கள். லாவா மூன்று வேலைகளில் ஒன்றைச் செய்யலாம். தடையாக நிற்கலாம்: அந்தப் பக்கம் போக வேண்டும், வழி தேடு. கடிகாரமாக ஓடலாம்: மட்டம் ஏறுகிறது, சீக்கிரம் முடி. ஆயுதமாகலாம்: யார் யாரை உள்ளே தள்ளுவது என்பதே சண்டை. ஒரே காட்சியில் மூன்றையும் திணித்தால் எதுவும் உறைக்காது. ஒன்றை முதன்மையாக வைத்து, வேண்டுமானால் இன்னொன்றை ஓரமாகச் சேருங்கள்.

வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம், தவறில்லை. அப்படியென்றால் ஆழமான பள்ளத்தாக்கில் தொலைவில் ஓடவிடுங்கள். அதற்கென்று தனி விதி எதுவும் எழுத வேண்டாம்.

படி 2: நிஜ லாவாவிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்குங்கள்

அறிவியல் பாடம் நடத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நிஜத் தகவல்கள் நாம் யோசித்துப் பார்க்காத காட்சிகளைத் தருகின்றன, அதற்காகத்தான்.

பசால்ட் வகை லாவா ஏறத்தாழ 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸில் வெளிவருகிறது. தங்கம் 1,064 டிகிரியில் உருகும், வெள்ளி 962 டிகிரியில். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். இதன் பொருள் என்ன? லாவாவில் விழுந்த நாணயப் பை உருகிவிடும், ஆனால் இரும்பு வாள் உருகாது. பதம் போயிருக்கும், பிடி எரிந்திருக்கும், சண்டைக்கு உதவாது. ஆனாலும் கம்பியாக அங்கேயே கிடக்கும். "பழைய மன்னனின் வாள் எரிமலைக்குள் விழுந்துவிட்டது" என்ற கதைக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது.

லாவா உருகிய பாறை, மனித உடலைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு அடர்த்தியானது. தண்ணீரோடு ஒப்பிட்டால் குழகுழப்பும் பல்லாயிரம் மடங்கு அதிகம். எனவே அதில் விழுந்தவர் மூழ்க மாட்டார், மேலே கிடந்துதான் எரிவார். திரையில் காட்டுவதுபோல மெதுவாக மூழ்கிக் கடைசியில் கை மட்டும் தெரிவது நாடகத்துக்காக. உங்கள் மேஜைக்கு நாடகம் பிடித்தால் அப்படியே வையுங்கள், யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

நிறம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கைப் பலகை. மங்கலான சிவப்பு என்றால் சூடு குறைவு, ஆரஞ்சு அதைவிட அதிகம், மஞ்சள் மிக அதிகம். மேலே ஆறிய இடம் கறுப்புத் தோல் போர்த்தியிருக்கும், அதன் அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். கறுப்பாக இருப்பது தரையா, தோலா என்ற சந்தேகம் விளையாட்டுக்கு மிகவும் பயன்படும்.

வேகம்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு சுற்று (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது) ஆறு விநாடி, மேப்பில் ஒரு கட்டம் ஐந்து அடி. மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாவா சுற்றுக்கு ஒரு கட்டம் நகரும். சமதளத்தில் பெரும்பாலான ஓட்டங்கள் இதைவிட மெதுவானவை. செங்குத்தான கால்வாயில் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தொடும்போது சுற்றுக்குப் பதினொரு கட்டம். சுற்றுக்கு 30 அடி வேகமுள்ள கேரக்டர், தன் முறையில் ஒரு முக்கியச் செயலுக்குக் கிடைக்கும் ஆக்‌ஷனைச் செலவழித்து ஓடினால் இரு மடங்காக, சுற்றுக்குப் பன்னிரண்டு கட்டம் போகலாம். பதினொன்றுக்குப் பன்னிரண்டு! ஒரு துரத்தல் காட்சிக்கு இயற்கையே எண்களைக் கொடுத்துவிட்டது. 25 அடி வேகத்தில் ஓடும் குள்ளருக்குக் கிடைப்பது பத்துக் கட்டம்தான். அவரை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பது உங்கள் குழுவின் பிரச்சினை.

படி 3: எண்களை நிலைநிறுத்துங்கள்

ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டியில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதன்படி லாவா ஓடையில் கால் வைத்து நடந்தால் 10டி10 (பத்துப் பக்கப் பகடை பத்தை உருட்டிக் கூட்டிய தொகை) பாதிப்பு, சராசரி 55. முழுக்க மூழ்கினால் 18டி10, சராசரி 99. கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலு) கூடுதல் +2 உள்ள ஐந்தாம் நிலை ஃபைட்டருக்கு (போர்வீரர்) சராசரியாக 44 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி), பத்தாம் நிலையில் 84. அதாவது ஐந்தாம் நிலையில் ஒரு முறை மிதித்தாலே பெரும்பாலும் கீழே விழுவார். பத்தாம் நிலையில் மிதித்தால் தாங்குவார், மூழ்கினால் மாட்டார்.

அதே விளையாட்டின் முந்தைய 3.5 பதிப்பு வேறு வழியில் போனது. தொட்டால் சுற்றுக்கு 2டி6, மூழ்கினால் 20டி6, வெளியே வந்த பிறகும் 1டி3 சுற்றுக்குப் பாதிப் பாதிப்பு தொடரும். அந்தக் கடைசி விதி மிக நல்லது. உடம்பில் ஒட்டிய குழம்பு உடனே போய்விடாது. அதை ஐந்தாம் பதிப்புக்கும் இழுத்துக்கொண்டு வாருங்கள் என்பேன்.

இங்கே பல டிஎம்கள் "குழு இரண்டாம் நிலைதான், லாவாவை 3டி6 ஆக்கிவிடலாம்" என்று இறங்கி வருவார்கள். வேண்டாம். இன்று 3டி6 ஆக இருந்த லாவா ஐந்து மாதம் கழித்து 10டி10 ஆனால், பிளேயர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் பொய்யாகிவிடும். லாவாவின் எண்ணைத் தொடாதீர்கள். லாவாவுக்கும் குழுவுக்கும் நடுவில் இருப்பதை மாற்றுங்கள். சின்ன நிலையில் அகலமான பாதை, கைப்பிடிச் சுவர், தள்ளத் தெரியாத எதிரிகள். பெரிய நிலையில் ஒற்றைக்கல் பாலம், உடையும் தோல், இழுத்துப் போடும் பூதங்கள்.

படி 4: வளையங்களாகப் பிரியுங்கள்

லாவாவைத் தொட்டால் மரணம், தொடாவிட்டால் ஒன்றுமில்லை என்று விட்டால் அது வெறும் பள்ளம். விளிம்பிலிருந்து வெளியே வரும் வெப்பத்துக்கும் ஒரு விலை வையுங்கள். நான் பயன்படுத்தும் அளவு இது.

இரண்டு கட்டத் தொலைவில் பாதிப்பு இல்லை, வர்ணனை மட்டும். மூச்சு சுடும், மெழுகு உருகும், காகிதச் சுருளின் ஓரம் சுருளும். விளிம்பை ஒட்டிய கட்டத்தில் தன் டர்னை (ஆடும் முறையை) முடித்தால் 1டி10 தீப்பாதிப்பு. தெறித்து மேலே பட்டால் 2டி10. மிதித்தால் 10டி10. உள்ளே விழுந்தால் 18டி10, மூழ்காமல் மேலே கிடந்தாலும் அதே எண்தான், ஏனென்றால் உடம்பு முழுவதும் பட்டுவிட்டது. வெளியே வந்தபின் ஒரு சுற்றுக்கு அதில் பாதி.

விளிம்புக் கட்டத்தில் டர்னை முடித்தால் மட்டும் பாதிப்பு என்பதைக் கவனியுங்கள். "நுழைந்தால்" என்று எழுதினால் ஒரே சுற்றில் ஒருவரை உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று இழுத்து மூன்று முறை பாதிப்பு வாங்க வைப்பார்கள். விதிகளை ஆராயும் பிளேயர் எல்லா மேஜையிலும் ஒருவராவது இருப்பார். மிதிக்கும் பாதிப்புக்கும் "ஒரு டர்னில் முதல் முறை மட்டும்" என்று சேர்த்துவிடுங்கள்.

நீண்ட பயணத்துக்கு இந்த வளையங்கள் தேவையில்லை. ஐந்தாம் பதிப்பின் கடும் வெப்ப விதி அங்கே போதும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், குடிநீர் இல்லாமல் இருந்தால் மணிக்கு ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (பகடை உருட்டி இலக்கு எண்ணைத் தொட்டால் தப்பிக்கும் முயற்சி). முதல் மணிக்கு இலக்கு 5, பிறகு மணிக்கு ஒன்று கூடும், தோற்றால் ஒரு நிலை சோர்வு. நடுத்தர, கனமான கவசம் போட்டவர் டிஸ்அட்வான்டேஜில், அதாவது இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்கும்படி, உருட்டுவார்.

படி 5: உடையும் தோலுக்குப் பகடையை மேப்பிலேயே வையுங்கள்

ஆறிய கறுப்புத் தோல் மேல் நடப்பதற்கு ரகசியமாக உருட்டாதீர்கள். ஒவ்வொரு தோல் கட்டத்திலும் ஒரு டி6 பகடையை வையுங்கள், கெட்டியான இடத்தில் 4, மெல்லிய இடத்தில் 2 காட்டும்படி. ஒருவர் மிதித்தால் எண் ஒன்று குறையும், கனமான கவசம் போட்டவர் மிதித்தால் இரண்டு. பூஜ்யம் வந்தால் அந்தக் கட்டம் உடைந்து லாவாவாகிறது.

எல்லாப் பகடையும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதனால் ஒரு சங்கதி நடக்கும்: பிளேயர்கள் டிஎம்மைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். "நீ முதலில் போனால் எனக்குத் தோல் மிஞ்சாது." கனமான கவசம் போட்ட பேலடின் (புனித வீரர்) கடைசியாகப் போவதா, கவசத்தைக் கழற்றுவதா? கழற்ற ஐந்து நிமிடம் ஆகாதா? விவாதம் தானாகவே கிளம்பும், நீங்கள் தேநீர் குடிக்கலாம்.

படி 6: விலையை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வர்ணனை முடிந்ததும் விதியை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: "ஓரத்தில் டர்னை முடித்தால் 1டி10. கால் வைத்தால் 10டி10. பாலத்தில் இருந்து தள்ளப்பட்டால் ஒரு சேவ் உண்டு." மர்மம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எரிமலையின் ஓரத்தில் நிற்பவருக்கு அது சுடும் என்று தெரியும். கேரக்டருக்குத் தெரிவதைப் பிளேயரிடம் மறைப்பதில் எந்தச் சுவாரசியமும் இல்லை.

எண் சொல்லப் பிடிக்காவிட்டால் செயலில் காட்டுங்கள். ஓடி வரும் எதிரிகளில் ஒருவன் தோலை உடைத்து விழட்டும், அவனுக்கான பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டுங்கள். 61 என்று கூட்டல் வந்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஒரு பிளேயர் "நான் லாவாவில் இறங்கி ஓடுகிறேன்" என்று சொன்னால், உடனே பகடையை எடுக்காதீர்கள். "10டி10 வாங்குவாய், உன்னிடம் 38 இருக்கிறது, சரியா?" என்று ஒரு முறை கேளுங்கள். பாதி நேரம் அவர் மனதில் இருக்கும் படமும் உங்கள் மனதில் இருக்கும் படமும் வேறாக இருக்கும். அவர் சின்ன வாய்க்காலைத் தாண்டுவதாக நினைத்திருப்பார், நீங்கள் ஆற்றை நினைத்திருப்பீர்கள்.

படி 7: தள்ளிவிடுவதற்குத் தனி விதி

தண்டர்வேவ் மந்திரம் 10 அடி தள்ளும், ரிபெல்லிங் பிளாஸ்ட் என்ற மந்திர சக்தியும் 10 அடி தள்ளும், கையால் தள்ளினால் 5 அடி. ஆக, லாவாவிலிருந்து இரண்டு கட்டத்துக்குள் நிற்பவர் எல்லோரும் தள்ளும் எல்லையில் இருக்கிறார்கள். படி 4இல் சொன்ன வெப்ப வளையமும் இரண்டு கட்டம் என்பதால், "மூச்சு சுடுகிறது" என்று நீங்கள் சொன்ன இடமே "தள்ளப்படலாம்" என்ற எல்லைக்கோடும் ஆகிவிடுகிறது. ஒரே வர்ணனை இரண்டு வேலை செய்கிறது.

மந்திரமோ தள்ளலோ வென்றதும் நேராக லாவாவில் போடாதீர்கள். விளிம்பில் ஒரு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் கொடுங்கள், இலக்கு 13. வென்றால் ஓரத்தில் குப்புற விழுந்து கிடப்பார். தோற்றால் அவரிடம் ஒரு கேள்வி: கையில் இருப்பதை விட்டுவிட்டு விளிம்பைப் பற்றிக்கொள்கிறாயா? விட்டால் வாளோ கேடயமோ லாவாவுக்குப் போகும், அவர் 2டி10 வாங்கித் தொங்குவார், யாராவது ஆக்‌ஷன் செலவழித்துத் தூக்க வேண்டும். கை காலி என்றால் தோள்பையை விடட்டும். எதையும் விட மாட்டேன் என்றால், சரி, போகட்டும்.

இந்தச் சலுகை பெயருள்ள எதிரிகளுக்கும் உண்டு. சில்லறை எதிரிகளுக்குக் கிடையாது. கோப்ளினை எரிமலைக்குள் உதைத்துத் தள்ளும் சந்தோஷத்தை எந்தப் பிளேயரிடமிருந்தும் பிடுங்கக் கூடாது.

படி 8: நகரும் லாவாவை ஒரு காட்சியில் வைத்துப் பார்ப்போம்

ஐந்தாம் நிலைக் குழு, நால்வர். மண்டபம் 16 கட்டம் நீளம், 8 கட்டம் அகலம். நடுவில் ஒற்றைக்கல் பாலம், இரண்டு பக்கமும் நான்கு பாறைத் திட்டுகள், அவற்றுக்கு இடையே தோல் மூடிய கட்டங்கள். மறு கோடியில் கதவைத் திறக்கும் சக்கரம், அதைச் சுற்ற மூன்று ஆக்‌ஷன் வேண்டும். லாவாவுக்குள் ஒரு சாலமாண்டர், பாம்பு வால் கொண்ட தீப்பூதம். தீயால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை, வாலால் அடித்து அப்படியே சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு தாளில் ஆறு பிரிவுகள் கொண்ட வட்டம் வரைந்து மேஜை நடுவில் வையுங்கள். சுற்று முடியும்போது ஒரு பிரிவைக் கறுப்பாக்குங்கள். இரண்டில் தாழ்ந்த திட்டுகள் மூழ்கும், நான்கில் மிச்சத் திட்டுகள், ஆறில் பாலம். இதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் சுற்றில் எல்லோரும் பரவி நிற்பார்கள், மூன்றாம் சுற்றுக்குள் பாலத்தில் ஒண்டுவார்கள், அங்கேதான் சாலமாண்டருக்கு வசதி. இடம் சுருங்கச் சுருங்கச் சண்டையின் வடிவமே மாறிக்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் நின்று ஹிட் பாயின்டைக் கரைக்கும் சலிப்பு வராது.

சாலமாண்டரை நடத்துவதில் ஒரு நியாயம் தேவை. விதிப்படி அது ஒரே டர்னில் பிடித்து, தன் வேகத்தில் பாதியில் மூன்று கட்டம் லாவாவுக்குள் இழுத்துவிடலாம். அப்படிச் செய்தால் பிடிபட்டவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. இந்த டர்னில் பிடிக்கட்டும், இழுப்பது அடுத்த டர்னில். "வால் இறுகுகிறது, அது பின்வாங்கத் தயாராகிறது" என்று சொல்லுங்கள். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு சுற்றில் மற்ற மூவரும் சக்கரத்தை விட்டுவிட்டு ஓடி வருவார்களா, நண்பனை நம்பி சக்கரத்தைச் சுற்றுவார்களா? காட்சியின் உயிர் அங்கேதான்.

படி 9: தந்திரங்களுக்கு என்ன பதில்?

தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிறேன் என்பார்கள். நிஜத்தில் நடந்திருக்கிறது. 1973இல் ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் துறைமுகத்தைக் காப்பாற்ற மாதக்கணக்கில் கடல்நீரை லாவா மேல் பாய்ச்சினார்கள், மொத்தம் 60 லட்சம் கன மீட்டர் அளவுக்கு. தண்ணீரை வரவழைக்கும் கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர் மந்திரம் முதல் நிலையில் கொடுப்பது 10 கேலன், 38 லிட்டர். எனவே ஒரு கட்டத்துக்குத் தற்காலிகத் தோல் உருவாகும், டி6 பகடை 1 காட்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். கூடவே நீராவி எழுந்து ஒரு சுற்றுக்குப் பார்வையை மறைக்கட்டும். முழுக்க மறுப்பதைவிட இது நல்லது. பனி மந்திரங்களுக்கும் இதே வழி, நிலை கூடினால் கட்டமும் கூடட்டும்.

பறக்கிறேன் என்பார்கள். பறக்கட்டும், அதற்குத்தானே மந்திரத்தைச் செலவழித்தார்கள். ஃப்ளை மந்திரத்துக்குக் கவனம் தேவை, அடிபட்டால் கவனம் சிதறலாம், லாவாவுக்கு மேலே கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கே தெரியும். ஒரே ஒரு தெறிப்பு போதும்.

ஃபயர் ரெசிஸ்டன்ஸ் (தீயைத் தாங்கும் தன்மை) உள்ளவர் பாதி வாங்குவார். 55க்கு 27. இதைக் குறைத்து விளையாடாதீர்கள். தீயைத் தாங்கும் டீஃப்ளிங் இனத்தைத் தேர்ந்தெடுத்த பிளேயருக்கு இது அவருடைய நாள். மற்றவர்கள் போக முடியாத இடத்துக்கு அவர் ஒருவர் போய் எதையோ எடுத்து வரும்படி மேப்பில் வேண்டுமென்றே ஒரு மூலையை ஒதுக்குங்கள்.

படி 10: விழுந்து இறந்துவிட்டால்

இதைத் தொடர் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும், ஏனென்றால் லாவா மரணம் மற்ற மரணம் போல இல்லை. இறந்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு உடல் வேண்டும், இழந்த உறுப்புகளை அது திருப்பித் தராது. வேறு உடலில் எழுப்பும் ரீஇன்கார்னேட் செய்ய உடலின் ஒரு துண்டாவது மிஞ்ச வேண்டும். எதுவும் மிஞ்சாத நிலையில் ஒன்பதாம் நிலை மந்திரமான ட்ரூ ரிசரக்‌ஷன்தான் கைகொடுக்கும். நடுத்தரக் குழுவுக்கு அது எட்டாத உயரம்.

என் பரிந்துரை: உடல் மேலேயே கிடக்கிறது என்ற நிஜத் தகவலைப் பயன்படுத்துங்கள். இறந்த கேரக்டரின் உடல் இரண்டு சுற்றுக்கு மேலே கிடக்கும், அதற்குள் கயிறு வீசியோ மந்திரத்தாலோ இழுத்துவிட்டால் உயிர்ப்பிக்க ஏதாவது மிஞ்சும். இறப்பின் கனம் குறையாது, ஆனால் கடைசி இரண்டு சுற்றும் மேஜை முழுக்க ஒரே குறிக்கோளோடு பரபரக்கும்.

லாவா இல்லாத ஆபத்துகள்

மேலே சொன்ன முறையை மற்ற நிலங்களுக்கும் அப்படியே நீட்டலாம். அமிலக் குளத்துக்கு அதே வளையங்கள் போதும்: வழிகாட்டி அட்டவணையில் அமிலத் தொட்டியில் தடுக்கி விழுந்தால் 4டி10. உறைந்த ஏரிக்குத் தோல் பகடை அப்படியே பொருந்தும். சேறும் புதைமணலும் ஆளைக் கொல்வது அரிது, அவை நேரத்தைத் தின்பவை. அங்கே பாதிப்பை விட்டுவிட்டு இரட்டை நடைச் செலவையும் கடிகார வட்டத்தையும் மட்டும் வையுங்கள்.

விஷவாயு கொஞ்சம் தனி. எரிமலைப் பகுதியில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடு காற்றைவிடக் கனமானது, அதனால் பள்ளங்களில் தேங்கும், அதற்கு நிறமும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாததை எச்சரிக்க தீப்பந்தத்தைப் பயன்படுத்துங்கள். குனிந்து பிடித்த பந்தம் மங்குகிறது, நிமிர்த்தினால் மறுபடி எரிகிறது. இந்த ஒரு குறிப்பிலேயே, வாயு எந்த உயரத்தில் நிற்கிறது என்று கூர்மையான பிளேயர் கணக்குப் போட்டுவிடுவார். முட்டளவு என்றால் நடக்கலாம், ஆனால் யாரும் குப்புற விழக் கூடாது. இடுப்பளவு என்றால் குட்டையான ஹாஃப்லிங்கை யாராவது தோளில் ஏற்ற வேண்டும். விழுந்தவர் டர்ன் தொடக்கத்தில் கான்ஸ்டிட்யூஷன் சேவ் செய்யட்டும், தோற்றால் ஒரு நிலை சோர்வு. எதிரிகளும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத வாயுக் குளத்தில்தான் நிற்கிறார்கள், அவர்களைத் தள்ளி விழவைப்பதற்கும் இதே விதிதான்.